மேசன்னேவ் பூங்காவின் பனியும் தாவரவியல் தோட்டத்தின் வாழைமரமும்

மான்ட்ரியலுக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்கள் ஜனவரி பிறந்ததும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இந்தக் குளிரில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது?" நானும் ஒரே இடத்தைத்தான் சொல்லிவருகிறேன். நகரின் கிழக்கே ஷெர்புரூக் தெருவும் பீ நஃப் சாலையும் சந்திக்கும் முனையில் தாவரவியல் தோட்டம் இருக்கிறது. அதை ஒட்டியே மேசன்னேவ் பூங்கா. காலையில் பூங்காவில் பனிச்சறுக்கு, மதியத்துக்கு மேல் தோட்டத்தின் பசுமைக்குடில்களில் வெப்பமண்டலம். மைனஸ் 15 டிகிரியில் வியர்க்க விறுவிறுக்கச் சறுக்கிவிட்டு, கொஞ்ச தூரம் நடந்தால் வாழை குலை தள்ளி நிற்கும் இடத்துக்குள் நுழைந்துவிடலாம். இதற்கு விமானம் வேண்டாம், நீண்ட விடுப்பு வேண்டாம். மெட்ரோவில் போய்வரலாம்.

இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பது என் கட்சி. முதலில் பனி, பிறகுதான் குடில். வீட்டிலிருந்து காரில் ஏறி, நேராகக் குடிலுக்குள் இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு "அழகாக இருந்தது" என்று திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கிடைத்தது பாதிதான். காற்று முகத்தில் அறைய, நுரையீரல் நிறையக் குளிரை இழுத்து, தொடை வலிக்க உழைத்துவிட்டு வருகிறவருக்கே அந்த ஈரக் கதகதப்பின் அருமை தெரியும். அதேபோல், மாலையில் இப்படி ஒரு கதகதப்பு காத்திருக்கிறது என்று தெரிந்தால் பனியில் இன்னும் ஒரு சுற்றுப் போகலாம் என்ற தெம்பும் வருகிறது.

நான் மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் செவிலியர். டிசம்பர் நடுவில் இங்கே மாலை நான்கு மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்கினால், வெளிச்சம் என்ற ஒன்றையே பார்க்காமல் ஒரு வாரம் ஓடிவிடும். உடம்பும் மனமும் எப்படிச் சோர்ந்துபோகும் என்பது இரவுப் பணியில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். இந்த ஊரில் மழையும் குளிரும் தெரியாமல் நடப்பதற்கென்றே 30 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நிலத்தடி நகரம் இருக்கிறது. கடைகள், அலுவலகங்கள், மெட்ரோ நிலையங்கள் எல்லாம் அதில் இணைந்திருக்கின்றன. அவசரத்துக்கு நல்ல வசதி. ஆனால் அதற்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிப்பது நல்லதல்ல. புதிதாய் விழுந்த பனி, தன்மீது படும் வெயிலில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. தெளிந்த வானமுள்ள பிப்ரவரி காலையில் பூங்காவின் நடுவில் நின்றால் தலைக்கு மேலிருந்தும் காலுக்குக் கீழிருந்தும் ஒளி வருகிறது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போனால் கண் கூசும். அந்த ஒளிக்காகத்தான் நான் முதன்முதலில் அங்கே போகத் தொடங்கினேன்.

மேசன்னேவ் பூங்கா ஒரு காலத்தில் நகராட்சியின் கோல்ஃப் மைதானமாக இருந்தது. அதனால்தான் நிலம் மெல்ல ஏறி இறங்குகிறது. புதியவர் விழுந்தாலும் அடிபடாத சரிவுகள். பனி போதுமான அளவு விழுந்ததும் நகராட்சி இங்கே கிராஸ் கன்ட்ரி ஸ்கீ தடங்களை இயந்திரத்தால் போட்டுவைக்கிறது. தடத்தில் சறுக்கக் கட்டணம் இல்லை. மலையேறிச் சரிவில் பாய்ந்து இறங்கும் ஆல்பைன் ஸ்கீ வேறு. அதற்கு லிஃப்ட், டிக்கெட், ஹெல்மெட் என்று செலவு பெருகும். இது சமதளத்தில் காலால் உந்தி முன்னேறும் சறுக்கல். பனியில் இணையாக இரண்டு பள்ளக் கோடுகள் வெட்டப்பட்டிருக்கும். ஸ்கீ பலகைகளை அவற்றில் இறக்கினால் திசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரு காலை அழுத்தி உந்தினால் மற்றக் கால் வழுக்கிக்கொண்டு போகும். எதிர்க்கையில் இருக்கும் கோல் அதற்குத் துணை. நடக்கத் தெரிந்தவருக்கு முதல் நாளிலேயே இது வரும். அழகாக வருவதற்குத்தான் காலம் பிடிக்கும்.

புதியவர்கள் மெழுகு பூச வேண்டாத பலகைகளை எடுப்பது நல்லது. அவற்றின் அடியில், பாதத்துக்கு நேர் கீழே, மீன் செதில் போன்ற அமைப்பு வெட்டப்பட்டிருக்கும். முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். மைனஸ் 5 முதல் மைனஸ் 15 வரை சறுக்க அருமையான குளிர். மைனஸ் 20க்குக் கீழே போய்விட்டால் பலகை நகர மறுக்கும். உராய்வில் உண்டாகும் மெல்லிய நீர்ப்படலம்தான் பலகையை வழுக்கச் செய்கிறது. கடுங்குளிரில் அந்தப் படலம் சரியாக உருவாவதில்லை. அப்படிப்பட்ட நாளில் ஸ்கீயை விட்டுவிட்டு நடந்தே சுற்றுங்கள். மைனஸ் 10க்குக் கீழே பூட்ஸுக்கு அடியில் பனி எழுப்பும் ஓசையைக் கேட்கவாவது நடக்க வேண்டும். சோளமாவுப் பொட்டலத்தை விரலால் அழுத்தினால் ஒரு கிறீச்சொலி வருமே, அதே ஒலி, அடிக்கு அடி.

தடத்தில் எங்கே நின்று திரும்பினாலும் தெற்கே ஒலிம்பிக் அரங்கின் கோபுரம் கண்ணில் படும். 165 மீட்டர் உயரம், 45 டிகிரி சாய்வு. 1976 ஒலிம்பிக்குக்காகத் திட்டமிடப்பட்டு, போட்டிகள் முடிந்து பத்தாண்டுகளுக்குப் பிறகே கட்டி முடிக்கப்பட்டது. கிழக்கே பிரமிடு வடிவில் பழைய ஒலிம்பிக் கிராமத்தின் குடியிருப்புகள். வழிதவறும் பயமே இல்லை. பிள்ளைகளை முன்னே அனுப்பிவிட்டு, "கோபுரத்தைப் பார்த்துத் திரும்பி வா" என்று சொன்னால் போதும்.

பறவைகளைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பூங்காவிலும் பக்கத்துத் தோட்டத்தின் மரக்காட்டிலும் குளிர்காலம் முழுக்கத் தங்கும் சிறு பறவை ஒன்று உண்டு. கறுப்புத் தொப்பி, கறுப்புத் தாடை, வெள்ளைக் கன்னம். சிக்கடி என்பார்கள். எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான். மனிதர்களைக் கண்டால் பறந்து போகாமல் கிட்டே வரும். ஒருநாள் ஒரு தாழ்ந்த கிளையில், என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் வந்து உட்கார்ந்தது. சிறகுகளை உப்பி உருண்டையாக இருந்தது. கால்களுக்கு இடையே ஒரு விதையை இடுக்கிக்கொண்டு அலகால் தட்டித் தட்டித் தோலை உடைத்தது. உமி பனிமேல் விழுந்தது. பருப்பைத் தின்றுவிட்டு என்னை ஒருமுறை தலைசாய்த்துப் பார்த்துவிட்டு அடுத்த விதைக்குப் போய்விட்டது. இந்தப் பறவை இலையுதிர்காலத்தில் விதைகளை நூற்றுக்கணக்கான இடங்களில் ஒளித்துவைத்து, எங்கே வைத்தோம் என்பதை நினைவில் வைத்திருக்கிறது. இரவில் தன் உடல் வெப்பத்தைப் பத்து டிகிரி வரை தானே இறக்கிக்கொண்டு தீனியை மிச்சப்படுத்துகிறது. இரவெல்லாம் நோயாளிகளின் உடல் வெப்பத்தைக் குறித்துக்கொண்டிருக்கும் எனக்கு இது பெரிய வியப்பு. ஒரு மனிதரின் உடல் வெப்பம் அந்த அளவுக்கு இறங்கினால் நாங்கள் அவசரச் சிகிச்சைக்கு ஓடவேண்டியிருக்கும்.

உடையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். நம்மவர்கள் பருத்தி பனியனுக்கு மேல் பருத்திச் சட்டை, அதற்கு மேல் கனத்த கோட்டு என்று வருகிறார்கள். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். சறுக்கும்போது சூடாக இருக்கும், நின்ற மறுநிமிடம் ஈரத்துணி உடம்பின் வெப்பத்தை உறிஞ்சத் தொடங்கிவிடும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ, அதற்கு மேல் மெல்லிய கம்பளி, வெளியே காற்றைத் தடுக்கும் மேலுறை. மூன்று அடுக்கு போதும். கிளம்பும்போது லேசாகக் குளிரவேண்டும், அதுதான் சரியான அளவு. கைவிரல்களுக்கு, தனித்தனி விரல் உள்ள கையுறையைவிட நான்கு விரலும் சேர்ந்திருக்கும் உறை நல்லது. வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள், காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் விண்ட்சில் எண்ணைப் பாருங்கள். அது மைனஸ் 28ஐத் தொட்டால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் உறையக்கூடும் என்று கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. பிள்ளைகளின் காது மடலும் மூக்கு நுனியும் வெளுத்துப்போனால் உடனே உள்ளே கூட்டிச் செல்லுங்கள். தேய்க்காதீர்கள். கதகதப்பான கையால் பொத்திப் பிடித்தால் போதும். இது செவிலியராகச் சொல்வது.

ஸ்கீயை வாடகைக்கு எடுப்பதில் கவனம் வேண்டும். நகரில் ஒரு கடையில் நான் எடுத்த பூட்ஸ், அளவு எண் சரியாக இருந்தும் குதிகாலில் தளர்ந்திருந்தது. மாற்றித் தரக் கேட்டதற்கு, "எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று கையை விரித்துவிட்டார்கள். அன்று மாலை இரண்டு குதிகாலிலும் கொப்புளம். பூட்ஸை மாட்டிக்கொண்டு, முன்காலில் நின்று குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே குதிகால் தனியாக எழும்பினால் அந்த ஜோடி வேண்டாம். ஒரு குளிர்காலத்துக்குள் பலமுறை போவீர்கள் என்றால் பழைய ஸ்கீ விற்கும் கடையில் ஒரு ஜோடி வாங்கிவிடுவதே லாபம்.

சறுக்கி முடித்து ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் நடக்கும்போது பசி கிளம்பிவிடும். நான் ஒரு பிளாஸ்கில் ரசம் கொண்டுபோகிறேன். மிளகு கொஞ்சம் தூக்கலாக.

இனித் தோட்டம். 1931இல் இதை நிறுவியவர் மரீ-விக்டோரன் என்ற துறவி. பள்ளிகளில் பாடம் நடத்திய சபையைச் சேர்ந்தவர். செடிகளைத் தேடி, மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணம் முழுக்க நடந்து, இந்த மண்ணின் தாவரங்களைப் பற்றி 1935இல் பெரிய நூல் எழுதினார். அது பொருளாதாரம் படுத்துவிட்ட காலம். வேலையிழந்த ஏராளமானோரைக் கொண்டுதான் இந்தத் தோட்டத்தின் நிலம் திருத்தப்பட்டது, கட்டடங்கள் எழுந்தன. பட்டினி கிடந்த ஊரில் பூந்தோட்டமா என்று கேட்கலாம். ஆனால் அன்று கூலி கிடைத்தது, இன்று 75 ஹெக்டேர் தோட்டம் நிற்கிறது. பொதுப்பணம் இப்படிச் செலவானதில் எனக்கு மகிழ்ச்சி. 1944இல் அவர் கார் விபத்தில் இறந்தார். உலகின் பெரிய தாவரவியல் தோட்டங்களில் ஒன்றாக இது வளர்ந்ததை அவர் முழுதாகப் பார்க்கவில்லை.

குடிலின் கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி வெளுத்துவிடும். குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று படிந்து நீராகிறது. துடைத்தாலும் மறுபடி படியும். ஓரமாக நின்று கண்ணாடி சூடாகும்வரை பொறுத்திருப்பதே வழி. கேமரா வைத்திருப்பவர்கள் வெளியிலேயே அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு நுழையுங்கள். ஈரம் பைமேல் படியும், கேமரா தப்பும். அந்தச் சில நிமிடங்களில் கண் தெரியாதபோது மூக்கு விழித்துக்கொள்கிறது. வெளியே பனியில் வாசனை என்று எதுவும் இருக்காது. உள்ளே ஈரமண், அழுகிய இலை, எங்கோ ஒரு பூ. ஜனவரி மாதத்தில் மண் வாசனை என்பது இந்த ஊரில் பெரிய சொத்து.

குடில்கள் ஒன்றோடொன்று இணைந்து வரிசையாக இருக்கின்றன. மழைக்காடு, உணவுப் பயிர்கள், ஆர்க்கிட், பெரணி, பிகோனியா, வறண்ட நிலம் என்று ஒவ்வொன்றும் ஒரு தனி உலகம். கதவுக்குக் கதவு வெப்பமும் ஈரமும் மாறும். கள்ளிச்செடிகள் நிற்கும் குடிலில் காற்று உலர்ந்திருக்கும், நனைந்த கையுறையை அங்கே உலர்த்திக்கொள்ளலாம். பெரணிக் குடில் பச்சை நிறத்துக்குள் எத்தனை பச்சை உண்டு என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு. சீனக் குறுமரங்கள் இருக்கும் குடிலை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். பலவும் நம்மைவிட வயதில் மூத்தவை.

எனக்கு உயிர், வெப்பமண்டல உணவுப் பயிர்களின் குடில்தான். போன குளிர்காலத்தில் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். எழுபது வயது தாண்டியவர், பனியில் நடக்கப் பயம். நான் பூங்காவில் சறுக்கிவிட்டு வரும்வரை குடிலில் இருக்கச் சொன்னேன். திரும்பி வந்து பார்த்தால் வாழைக்கு முன்னால் நிற்கிறார். குலை இறங்கியிருந்தது. நுனியில் பூ தொங்கியது. கருஞ்சிவப்பு மடல் ஒன்று அப்போதுதான் பின்னால் சுருண்டு எழும்பியிருந்தது. அதன் உட்பக்கம் ஈரமாகப் பளபளத்தது. மடலுக்கு அடியில் இளமஞ்சள் பூக்கள் இரண்டு வரிசையாகப் பொருந்தியிருந்தன. மேலே ஏற்கெனவே காயாகிவிட்ட சீப்புகளில் ஒவ்வொரு காயின் முனையிலும் கருகிய பூ இன்னும் ஒட்டியிருந்தது. அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"கடைசிச் சீப்பு விட்டு எத்தனை நாள் ஆகிறதோ. இந்தப் பூவை ஒடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காய் பருக்காது."

"இங்கே பூவையும் பார்ப்பதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள், அம்மா."

"அதுவும் சரிதான். பக்கக்கன்று விட்டிருக்கிறது பார். தாய் சாய்ந்தாலும் அடுத்தது தயார்."

பக்கத்தில் நின்ற கியூபெக் குடும்பம் ஒன்று எங்கள் பேச்சைக் கேட்டு, அந்தப் பூ உண்ணக்கூடியதா என்று விசாரித்தது. அம்மா சொல்லச் சொல்ல நான் பிரெஞ்சில் பெயர்த்தேன். நரம்பை எப்படி எடுப்பது, மோரில் ஏன் போடவேண்டும், பருப்போடு எப்படிச் சேர்ப்பது. கேட்டுக்கொண்டிருந்த பெண் கடைசியில் அதைக் கைப்பேசியில் எழுதிக்கொண்டார். கனடாவுக்கு வந்ததிலிருந்து எல்லாவற்றையும் மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் இருந்த அம்மா, அன்றைக்கு ஆசிரியராக நின்றார். இந்தக் குடிலை நம்மூர்ப் பெற்றோருக்குக் கட்டாயம் காட்டச் சொல்வது இதனால்தான்.

நமக்குத் தெரிந்ததை மட்டும் பார்த்துத் திரும்பிவிடவும் வேண்டாம். கொக்கோ மரத்தை நிதானமாகப் பாருங்கள். பலாவில் காய்ப்பதுபோலவே அதிலும் பூவும் காயும் நேராக அடிமரத்திலிருந்து கிளம்பும். பூ விரல்நகத்தைவிடப் பெரிதில்லை. கொசுவினும் சிறிய பூச்சிகளே அதில் மகரந்தம் சேர்க்கின்றன. வனிலா, கொடியாகப் படரும் ஓர் ஆர்க்கிட். மெக்சிகோவில் பிறந்தது. மற்ற இடங்களுக்குக் கொண்டுபோய் நட்டபோது கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்கும் பூச்சி அங்கே இல்லை. 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு சிறு குச்சியாலும் கட்டைவிரலாலும் பூவுக்குள் மகரந்தத்தைச் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தான். இன்றும் உலகின் வனிலாத் தோட்டங்களில் கையால்தான் அதைச் செய்கிறார்கள். அந்தக் கொடிக்கு முன்னால் நின்று இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஐஸ்கிரீம் கடையில் சொன்னால் காதில் ஏறாது.

ஆர்க்கிட் குடிலில் சேம்பு குடும்பத்துச் செடிகளும் இருக்கின்றன. அகன்ற இலைகளின் நரம்பு வெள்ளி வரிகளாக ஓடுகிறது. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பூட்ஸின் கயிற்றைத் தளர்த்தி, கூரைக் கண்ணாடிக்கு மேல் பனி விழுவதைப் பார்க்கலாம். கண்ணாடியில் விழுந்த பனி சற்று நேரத்தில் உருகி வழிந்து போகும். குளிர்காலத்தில் நான் நன்றாக மூச்சுவிடும் இடம் இது.

"பையோடோமுக்குப் போகக்கூடாதா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். போங்கள், தாராளமாக. ஷெர்புரூக் தெருவைத் தாண்டினால், பச்சை வழி மெட்ரோவின் வியோ நிலையத்தை ஒட்டி இருக்கிறது. 1976 ஒலிம்பிக்கில் சைக்கிள் பந்தயம் நடந்த அரங்கு. 1992இல் உயிரினங்களுக்கான இடமாக மாறியது. பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு 2020இல் மறுபடி திறக்கப்பட்டது. ஒரே கூரைக்குள் அமெரிக்க வெப்பமண்டலக் காடும், மேப்பிள் காடும், செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவும், லாப்ரடார் கடற்கரையும், பெங்குவின்கள் வாழும் தென்துருவத்தை அடுத்த தீவுகளும். பொன்னிறப் பிடரியோடு தாவித் திரியும் தங்கச் சிங்க டாமரின் குரங்குகளைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் வர மறுக்கும். அந்தக் குரங்குகள் பிரேசிலின் அட்லாண்டிக் காட்டைச் சேர்ந்தவை, அழிவின் விளிம்பிலிருந்து மீட்கப்பட்டு வருபவை. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் பையோடோம்தான் சரி. விடுமுறை நாட்களில் கூட்டம் நெரியும் என்பதை மனத்தில் வையுங்கள். பெரியவர்களுக்கு, தனியாக வருகிறவர்களுக்கு, களைத்தவர்களுக்கு என் வாக்கு தோட்டத்துக் குடில்களுக்கே. செடிகள் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் தள்ளுவதில்லை.

இங்குள்ள வழக்கப்படி, குளிர்காலத்தில் ஒரு வாரம் தெற்கே பறந்துவிடுகிறவர்கள் ஏராளம். மான்ட்ரியலிலிருந்து கியூபாவின் வராதேரோ நான்கு மணிநேரம்தான். டொமினிக்கன் குடியரசு, மெக்சிகோ என்று விளம்பரங்கள் மெட்ரோ முழுக்க ஒட்டியிருக்கும். நாங்களும் குடும்பமாக ஒருமுறை போனோம். கடல் அற்புதம், அதற்கு ஈடு எந்தக் குடிலிலும் கிடைக்காது. வெதுவெதுப்பான உப்புநீரில் மிதந்துகொண்டு வானத்தைப் பார்க்க வேண்டும் என்றால் போகத்தான் வேண்டும். ஆனால் நாங்கள் பணம் கட்டிய பயண நிறுவனம், பனிப்புயலில் விமானம் தள்ளிப்போனபோது ஒரு நாள் முழுக்கத் தொலைபேசியை எடுக்கவில்லை. இழந்த இரவுக்கான பணமும் திரும்பவில்லை. திரும்பி வந்தபோது அதே பிப்ரவரி அப்படியே காத்திருந்தது. ஏழு நாள் வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு அது முன்பைவிடக் கடுமையாகத் தெரிந்தது. பூங்காவும் குடிலும் வாரா வாரம் கிடைக்கின்றன. ஓராண்டுக்குத் தெற்குப் பயணத்தை விட்டுவிட்டு இதைச் செய்து பாருங்கள் என்றே நான் சொல்வேன். அந்தப் பணத்தில் வீட்டில் எல்லோருக்கும் நல்ல பூட்ஸ், மெரினோ உடை, ஸ்கீ எல்லாம் வாங்கிய பிறகும் மிச்சம் இருக்கும்.

போகும் வழி: பச்சை வழி மெட்ரோவில் பீ நஃப் நிலையம். மெட்ரோ முழுக்க நிலத்தடியில் ஓடுவதால் பனிப்புயலன்றும் நிற்பதில்லை. நிலையத்திலிருந்து தோட்டத்துக்கு ஏற்றமான நடை, வழுக்கும் நாளில் பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முள் உதவும். மான்ட்ரியலில் குடியிருப்பவர்களுக்குக் குடில்களின் நுழைவுச்சீட்டில் சலுகை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அடிக்கடி போவதென்றால் தோட்டம், பையோடோம், பூச்சிக்காட்சியகம், கோளரங்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுச் சந்தா இருக்கிறது. குளிர்காலத்தில் திறக்கும் நாட்களும் நேரமும் மாறுவதுண்டு, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை ஒன்பதரைக்கெல்லாம் பூங்காவில் இருங்கள். தடம் கலையாமல் இருக்கும், வெயில் சாய்ந்து விழும். பன்னிரண்டு மணிவரை சறுக்கல், பிறகு கையில் கொண்டுபோன சாப்பாடு, ஒரு மணிக்குக் குடில். மூன்றரைக்கு வெளியே வந்தால் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருக்கும். உள்ளே வியர்த்த சட்டையோடு அப்படியே வெளியே வந்துவிடாதீர்கள், மாற்றிக்கொள்ள உலர்ந்த பனியன் ஒன்று பையில் இருக்கட்டும். அம்மா அடுத்த ஜனவரியில் மறுபடி வருகிறார். இந்த முறை அவருக்கு முள் வைத்த பூட்ஸ் வாங்கி வைத்துவிட்டேன். பூங்காவின் நடைபாதையில் ஒரு சுற்றாவது அவரை நடக்கவைத்த பிறகுதான் வாழையைக் காட்டுவேன்.